நீலிவலசு மட்டிகளின் சாட்சி

2046 ஆகஸ்ட் 9, வியாழக்கிழமை காலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு, ஈரோடு மாவட்டம் நீலிவலசு சாயநீர் மதகில், நூறு மட்டிக் கருக்களில் தொண்ணூற்றொன்பது கருக்கள் ஒரு பாதி பெரிதும் ஒரு பாதி சிறிதுமாக இரண்டாகப் பிரிந்தன. ஒன்று மட்டும் சமமாகப் பிரிந்தது. மதகு திறந்தது. அந்த ஒன்றின் தாய் வாத்துகளுக்குப் போனது.

இடையில் ஒருநாளும் மூடாமல் மதகு திறந்த 2,981ஆவது காலை அது.

நன்னீர் மட்டியை மதகில் காவலுக்கு வைக்கலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியது என்பதில் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு இடையே இன்னும் தகராறு இருக்கிறது. ஏன் தோன்றியது என்பதில் தகராறு இல்லை. 2034இல் நடந்த ஒரு திடீர்ச் சோதனையில், ஓடைத் தண்ணீரை அளந்து மணிக்கொருமுறை சென்னைக்கு எண்கள் அனுப்பிக்கொண்டிருந்த கருவி ஒன்று, ஓடைக்கு நாற்பது அடி தள்ளி ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் கேன் தண்ணீரில் சுகமாக ஊறிக்கொண்டிருந்தது. வாரம் ஒருமுறை வாளித் தண்ணீரை மாற்றுவதற்கு ஆள்கூடப் போட்டிருந்தார்கள். அடுத்த ஆண்டே உயிர்ச்சாட்சிச் சட்டம் வந்தது. கருவி சொன்னது போதும், இனி உயிர் சொல்லட்டும் என்றது சட்டம். மட்டிக்கு மாமன் மச்சான் கிடையாது, அது இடமாறுதலுக்குப் பயப்படாது, அதற்கு ஓட்டும் இல்லை என்று ஓர் உறுப்பினர் சட்டசபையில் பேசி இரண்டு தரப்பையும் மேசை தட்ட வைத்தார்.

நடைமுறை எளிது. ஒவ்வொரு மதகுக்குப் பக்கத்திலும் ஒரு மட்டி வீடு. மட்டி தன் முட்டைகளைச் செவுளுக்குள் வைத்துத்தான் வளர்க்கிறது. தினமும் காலை ஐந்து மணிக்குப் பத்துத் தாய் மட்டிகளின் செவுளிலிருந்து, தலைக்குப் பத்தாக, அப்போதுதான் கருத்தரித்த நூறு முட்டைகளை மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுத்து, அன்று வெளியேற்ற வேண்டிய சாயத் தண்ணீரில் போட வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் அவை முதல் முறையாகப் பிரியும். தொண்ணூறுக்குக் குறையாமல் சரியாகப் பிரிந்தால் மதகின் பூட்டு தானாகத் திறக்கும். குறைந்தால் திறக்காது. அன்றைக்குச் சாயப்பட்டறைகளில் வேலை இல்லை.

நூறையும் உருப்பெருக்கியில் பார்த்துக் கையெழுத்துப் போடுபவருக்குக் கரு வாசிப்பாளர் என்று பெயர். நீலிவலசில் அந்த வேலையில் இருந்தவர் கோகிலவாணி. வயது நாற்பத்திரண்டு, விலங்கியலில் முதுகலை. கணவர் அதே ஊரில் ஒரு பட்டறையில் கலர் மாஸ்டர். முதல் மூன்று ஆண்டுகள் மதகு மாதத்தில் பத்து நாள் மூடிக் கிடந்ததால், கோகிலவாணி தெருவில் வந்தால் பட்டறை ஆட்கள் வேறு தெருவுக்குத் திரும்பிக்கொள்வார்கள். பிறகு மட்டிகள் தேறின. ஊரும் தேறியது. 'மட்டி மேடம்' என்றால் இப்போது ஆட்டோக்காரர்கள் மீட்டரை விடச் சற்றுக் குறைவாகவே கேட்கிறார்கள்.

மட்டிகள் தேறியதற்குக் கோகிலவாணியின் கைப்பழக்கம் ஒன்றுதான் காரணம் என்று துறையில் எல்லோருக்கும் தெரியும். ஒரு தாயின் பத்துக் கருவும் சரியாகப் பிரிந்தால், அதன் ஓட்டில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைப்பார். ஒன்று பிசகினாலும் அது நோஞ்சான் தாய் என்று கணக்கு. வாத்துக்காரரின் கூடைக்குப் போய்விடும். பொட்டு வாங்கிய தாய்களின் குஞ்சுகள்தான் அடுத்த தலைமுறை. தீனியும் வெதுவெதுப்பும் சரியாக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு தலைமுறை. சில தாய்களின் ஓட்டில் பொட்டு வைக்க இடமே இல்லை. அவற்றின் வாரிசுகள் மாவட்டத்தின் மற்ற நாற்பத்தாறு மதகுகளுக்கும் அனுப்பப்பட்டன. 'நீலிவலசு ரகம்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. துறை ஒரு கேடயம் கொடுத்தது. அது மட்டி வீட்டில் தண்ணீர் தெளிக்காத ஓர் உயரத்தில் மாட்டப்பட்டிருந்தது.

அந்த வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மின்சார ஸ்கூட்டரின் முன்னால் ஒரு மூடிய வாளியை வைத்துக்கொண்டு ராசாமணி வந்து இறங்கினார். மதகிலிருந்து ஆறு கிலோமீட்டர் கீழே இருக்கும் மேட்டுவலசின் ஊராட்சித் தலைவி. மதகுத் தண்ணீர் போய்ச் சேரும் ஏரி அவருடைய ஊரில்தான் இருக்கிறது.

"ஏனுங் அம்மிணி, மட்டி இன்னைக்கு என்ன சொல்லுச்சு?"

"தொண்ணூத்தொம்பதுங்க்கா."

"என்ர பேரனுக்குக்கூட இத்தன மார்க் வந்ததில்ல. டியூசன் கீது வெச்சிருக்கறீங்களா?"

கோகிலவாணி சிரித்துக்கொண்டு நாற்காலியை நகர்த்திப் போட்டார். ராசாமணி உட்காரவில்லை. உருப்பெருக்கியின் திரையில் நின்றுபோயிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய உருண்டை ஒன்றின் தோளில் சின்ன உருண்டை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதென்னுங், ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னு பிரிஞ்சிருக்குது. இதுக்குப் போய்ப் பாஸ் மார்க்கா? சமமாப் பிரியறதுதான நாயம்?"

"மட்டிக்கு அது ஆவாதுங்க்கா. அந்தப் பெருசுக்குள்ளதான் பின்னாடி ஓடு போடற சரக்கு இருக்குது. மறுக்கா மறுக்காப் பிரிஞ்சாலும் அந்தச் சரக்கு கலையாம ஒரே பக்கமாப் போயிச் சேரோணும். அங்கிருந்துதான் ஓடு முளைக்கும். மொதப் பிரிவே சமமாயிட்டா சரக்கு ரெண்டு பக்கமும் செதறிப் போயிரும். ஓடு வராது. ஓடில்லாத மட்டி ரெண்டு நாள்ல கரைஞ்சு போயிரும்."

"தண்ணி கெட்டா ஏன் சமமாப் பிரியுது?"

"எங்க வெட்டறதுன்னு காட்டறதுக்கு முட்டைக்குள்ள நூலுக் கட்டாட்ட ஒண்ணு இருக்குதுங்க்கா. நல்ல தண்ணியில அது ஓரமா ஒதுங்கி நிக்கும். சாய உப்பும் உலோகமும் ஏறுச்சுன்னா தள்ளாடிட்டு நடுவுல வந்து நின்னுக்கும்."

"அப்ப நெதானத்துல இருந்தா ஓரவஞ்சனை பண்ணுது, போதை ஏறுச்சுன்னா நாயமாப் பிரிக்குது. என்ர மாமனார் மாதிரி."

பக்கத்துத் தொட்டியில் கெண்டை மீன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அவை எதற்கு என்று ராசாமணி கேட்டார். ஓடு முளைத்த மட்டிக் குஞ்சு, கடுகில் கால்வாசி இருக்கும், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்து, போகிற மீனின் செவுளைக் கவ்விக்கொள்ளும், மூன்று வாரம் அதிலேயே ஒட்டி வளர்ந்து பிறகு இறங்கிக்கொள்ளும் என்று கோகிலவாணி சொன்னார். மட்டி வீட்டு ஆட்கள் அந்த மீன்களுக்கு மினி பஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"டிக்கெட் இல்லாமயா?"

"இல்லாமத்தான்."

"நல்ல பொழப்பு." ராசாமணி வாளியின் மூடியைத் திறந்தார். அடியில் சேறும், அதில் பாதி புதைந்த கறுப்பு மட்டிகள் பன்னிரண்டும் இருந்தன. "இது எங்க மேட்டாங்காட்டுக் கெணத்து மட்டி. மதகுத் தண்ணி ஏறாத எடம். உங்களுது படிச்ச மட்டி, இது படிக்காத மட்டி. இதையுங் கொஞ்சம் கேட்டுப் பாருங்."

"பதிவு பண்ணுன மட்டியத்தான் கேக்கலாமுங்க்கா. சட்டம் அப்படி."

"ஒண்ணாந் தேதியிலிருந்து லாரித் தண்ணிய நிறுத்தறாங்க அம்மிணி. ஏரித் தண்ணிய நேராக் கொழாய்ல விடப் போறாங்க. மூவாயிரம் நாளா மட்டி ஒத்துக்கிட்ட தண்ணியாமா. ஏரிக் கரையில என்ர ஆடு மோந்து பாத்துட்டுத் திரும்பிப் போவுது. தென்னையில குரும்பை நிக்கறதில்ல. கால் நனைச்சா ராத்திரியெல்லாம் சொறிஞ்சிட்டுக் கெடக்கறோம். அந்தத் தண்ணியப் புள்ளைங்களுக்குக் காய்ச்சிக் குடுக்கச் சொல்றாங்க."

"ஆட்டுச் சாட்சி சட்டத்துல இல்லீங்க்கா."

"அதனாலதான் மட்டியக் கொண்டாந்தேன். கேட்டாக் கேளுங்க. இல்லீன்னா உங்க வாத்துக்குப் போடுங்." வாளியை வைத்துவிட்டு அவர் போய்விட்டார்.

வாத்துக்காரர் அன்று மாலை வந்து வாளியை எட்டிப் பார்த்தபோது, அது வேறு சமாசாரம் என்று கோகிலவாணி சொல்லி அனுப்பினார். மூன்று நாள் கிணற்று மட்டிகளை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, வழக்கமான நூறும் முடிந்து மதகு திறந்த பிறகு, கிணற்று மட்டிகளின் கருக்களை இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களில் நூறு நூறாகப் போட்டார். ஒன்றில் ராசாமணியிடம் கேட்டு வாங்கிய கிணற்றுத் தண்ணீர். மற்றதில் மதகுத் தண்ணீர்.

கரு பிரிவதைப் பதினோரு ஆண்டாகப் பார்த்தவருக்கு அதில் புதிது ஒன்றும் இல்லை. உருண்டை ஒரு நிமிடம் சும்மா இருக்கும். பிறகு இடுப்பில் கண்ணுக்குத் தெரியாத கயிற்றைக் கட்டி இறுக்கியதுபோல ஒரு மடிப்பு விழும். கிணற்றுத் தண்ணீர்க் கிண்ணத்தில் மடிப்பு ஓரமாக விழுந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. மதகுத் தண்ணீர்க் கிண்ணத்தில் மடிப்பு நடுவில் விழுந்தது. ஒன்று, இரண்டு, ஐந்து, இருபது என்று, நாணயம் அடித்ததுபோலச் சமமான ஜோடிகள். சரியாகப் பிரிந்தவை பதினான்கு. திங்கட்கிழமை மறுபடியும் செய்தார். பதின்மூன்று.

அதே தண்ணீரில் அதே காலையில் அவருடைய சொந்த மட்டிகள் தொண்ணூற்றொன்பது வாங்கியிருந்தன.

முதலில் அவருக்குத் தோன்றியது எல்லோருக்கும் தோன்றுவதுதான்: யாரோ ஏமாற்றுகிறார்கள். சம்பத்குமாரைக் கூப்பிட்டு அனுப்பினார். பட்டறைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அவர்தான் மேலாளர். மட்டி வீட்டுக்குக் குளிர்சாதனம் போட்டுக் கொடுத்தது, ஆயுத பூஜைக்குத் தொட்டிகளுக்குச் சந்தனம் வைப்பது, மட்டிகள் பயப்படும் என்று மதகு ரோட்டில் லாரி ஹாரனைத் தடை செய்தது எல்லாம் அவர்.

"சம்பத்தண்ணா, என்ர மட்டிகளுக்குத் தீனியில எதாச்சும் கலக்கறீங்களா?"

சம்பத்குமாரின் முகம் சுருங்கியது. "என்னுங் மேடம் இப்படிக் கேட்டுப் போட்டீங்க? என்ர பொண்டாட்டிக்குக் காய்ச்சல்னாக் கூட நான் லீவு போட்டதில்ல. போன வருசம் மட்டித் தொட்டியில பாசி புடிச்சப்ப ரெண்டு நாள் லீவு போட்டேன். நான் போயிக் கலப்பனா?"

"அப்பத் தண்ணியில என்ன பண்ணுனீங்க?"

"சட்டப்படித்தான் பண்ணுனேன்." அவர் தன் டப்பாவில், அதாவது கையடக்கத் திரையில், சுத்திகரிப்பு நிலையத்தின் பதிவேட்டைத் திறந்து காட்டினார். 2038இலிருந்து மாதாமாதம் சுண்ணாம்பும் படிகாரமும் எவ்வளவு போட்டார்கள் என்று வரிசையாக இருந்தது. ஒவ்வொரு மாதமும் முந்தைய மாதத்தை விட ஒரு துளி குறைவு. "ஒரேயடியாக் கொறைக்கலீங். ஒரு நூல் கொறைப்பேன். மட்டி என்ன சொல்லுதுன்னு பாப்பேன். ஒத்துக்கிச்சுன்னா அடுத்த மாசம் இன்னொரு நூல். ஒருநாளாவது ஒத்துக்கலைன்னு சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன். மட்டியக் கேட்டுத்தானுங்க மேடம் கொறைச்சேன்."

எட்டு ஆண்டுகளில் சுண்ணாம்பு மூன்றில் ஒரு பங்காகியிருந்தது. சம்பத்குமார் பொய் சொல்லவில்லை என்று கோகிலவாணிக்குத் தெரிந்தது. தண்ணீர் கெட்டது எப்படி என்று புரிந்துவிட்டது. மட்டிகள் அதை ஏன் சொல்லவில்லை என்று புரியவில்லை.

புதன்கிழமை சுதந்திர தினம். மேட்டுவலசில் கிராம சபைக் கூட்டம் என்று ராசாமணி சொல்லியிருந்ததால், கோகிலவாணி வாளியைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் போனார். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு இருநூறு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாயும் இருந்தது, நிழலுக்காக. ராசாமணி மைக்கில் தண்ணீர்ப் புகார் விவரம் வாசித்தார். அரசு அனுப்பியிருந்த தாளில் உள்ளபடி: 2038இல் இருநூற்றுப் பன்னிரண்டு புகார்கள். போன ஆண்டு நான்கு. ஏரித் தண்ணீர் தொடர்ந்து தரம் உயர்ந்து வருவதற்கு இதுவே சான்று என்று அதே தாள் முடிந்திருந்தது.

கூட்டம் முடிந்ததும் இருவரும் தெருவில் நடந்தார்கள். ஒரு வீடு விட்டு ஒரு வீடு பூட்டிக் கிடந்தது.

"இருநூத்திப் பன்னண்டு பேரும் பொய்யா சொன்னாங்க?" என்று கோகிலவாணி கேட்டார்.

"பொய்யெல்லாம் சொல்லல. இந்த வீடு வாத்தியாரு வீடு. மாசம் ரெண்டு மனு போடுவாரு. கை காலெல்லாம் புண்ணாகி மக வீட்டுக்குக் கோயமுத்தூரு போயிட்டாரு. அது டெய்லர் வீடு. பையனுக்கு மூச்சு வாங்குதுன்னு போயிட்டாங்க. எதுத்த வீட்டுல மூணு வருசம் கத்திப் பாத்துட்டு நெலத்த வித்துட்டாங்க." ராசாமணி சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனார். "தாங்காதவங்கெல்லாம் புகார் குடுத்தாங்க. புகார் குடுத்தவங்கெல்லாம் போயிட்டாங்க. மிச்சம் இருக்கறது எங்களாட்டத் தோல் தடிச்சவங்க. அப்பறம் புகார் எங்கிருந்து அம்மிணி வரும்?"

கோகிலவாணி நின்றுவிட்டார்.

"என்னுங், கால்ல முள்ளு கிள்ளு ஏறிருச்சா?"

"இல்லீங்க்கா." அவர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்காட்டி விரலின் ஓரத்தில், பதினோரு ஆண்டாகப் போகாத சிவப்பு நெயில் பாலிஷ் கறை இருந்தது. "எங்க ஊர்லயும் தாங்காதவங்க எல்லாத்தையும் நான் வாத்துக்குப் போட்டுட்டேன்."

ராசாமணிக்கு அது உடனே விளங்கவில்லை. கோகிலவாணி விளக்கினார். ஒவ்வொரு மாதமும் தண்ணீர் ஒரு நூல் கெட்டது. அந்த ஒரு நூலைத் தாங்காத தாயின் கரு சமமாகப் பிரிந்து சொல்லிவிட்டது. சொன்ன தாயை நோஞ்சான் என்று இவர் தூக்கிப் போட்டார். சொல்லாததற்குப் பொட்டு வைத்தார். அதன் வாரிசு அடுத்த நூலையும் தாங்கியது. பதினோரு ஆண்டு, இருபத்திரண்டு தலைமுறை. அந்தத் தொட்டியில் இப்போது சாயத் தண்ணீரிலும் கூசாமல் நேர்த்தியாகப் பிரியும் மட்டிகள் மட்டும்தான் இருக்கின்றன. மாவட்டத்தின் மற்ற மதகுகளுக்கும் இவரேதான் அனுப்பி வைத்தார்.

"அப்ப யாருமே ஏமாத்தலையா?" என்றார் ராசாமணி. அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

"யாருமே இல்லீங்க்கா."

"போச்சாது, போவட்டும். இனி என்ன பண்றது?"

கோகிலவாணி அன்று மாலை உயிர்ச்சாட்சி விதிமுறைகளை முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். பதிவு பெறாத மட்டியின் வாசிப்பு செல்லாது. ஆனால் புது மட்டியைப் பதிவு செய்ய வழி இருந்தது. சுத்தமான தண்ணீரில் மூன்று நாள் தொடர்ந்து தொண்ணூற்றைந்துக்கு மேல் வாங்க வேண்டும். படிவத்தில் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று கரு வாசிப்பாளருடையது, மற்றது சுத்திகரிப்பு நிலைய மேலாளருடையது. நீலிவலசு ரகம் வந்த பிறகு அந்தப் படிவத்தை யாரும் தொட்டதே இல்லை.

அடுத்த வாரம் ராசாமணி இன்னும் மூன்று வாளி கொண்டுவந்தார். 24, 25, 26 மூன்று நாளும் கிணற்று மட்டிகள் கிணற்றுத் தண்ணீரில் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றெட்டு வாங்கின. திங்கட்கிழமை காலை கோகிலவாணி தன் கையெழுத்தைப் போட்டு, படிவத்தைச் சம்பத்குமார் முன் வைத்து, நடந்தது எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார்.

வெளியே மறுநாள் விழாவுக்குப் பந்தல் போடும் சத்தம் கேட்டது. மதகு மூடாத மூவாயிரமாவது நாள். பட்டறை உரிமையாளர் சங்கம் முப்பது அடி ஃபிளெக்ஸ் வைத்திருந்தது. அதில் கிரீடம் வைத்த ஒரு மட்டி, இரண்டு பக்கமும் சங்க நிர்வாகிகள் கும்பிட்டபடி.

"நான் கையெழுத்துப் போட்டா நாளைக்கு மதகு மூடிக்கும்," என்றார் சம்பத்குமார்.

"ஆமாங்கண்ணா."

"நானூறு பேருக்கு சிப்ட் இல்ல. உங்க வீட்டுக்காரருக்கும் இல்ல."

"அவருகிட்டச் சொல்லிட்டேன். ரெண்டு நாளா என்கிட்டப் பேசறதில்ல."

"போடலைன்னா?"

கோகிலவாணி எழுந்துபோய், அன்று காலை தொண்ணூற்றொன்பது வாங்கிய மதகுத் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வந்து மேசையில் வைத்தார். பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் மிக லேசாக ஓர் ஊதா.

"குடிங்கண்ணா."

சம்பத்குமார் டம்ளரைப் பார்த்தார். "எனக்குச் சக்கரை இருக்குதுங் மேடம்."

"தண்ணிதானுங்க."

"இப்பத்தான் டீ குடிச்சேன்."

"பரவால்ல, மெதுவாக் குடிங்க. மூவாயிரம் நாளா மட்டி ஒத்துக்கிட்ட தண்ணி. ஒண்ணாந் தேதியிலிருந்து மேட்டுவலசுல புள்ளைங்க குடிக்கப் போறாங்க."

அவர் டம்ளரைக் கையில் எடுத்தார். மூக்கருகில் கொண்டுபோனார். ராசாமணியின் ஆடு செய்ததைத்தான் அவரும் செய்தார். டம்ளரைக் கீழே வைத்தார். தொட்டிகளைப் பார்த்தார். சந்தனப் பொட்டின் தடம் இன்னும் ஒரு தொட்டியின் விளிம்பில் இருந்தது.

"பேனா குடுங்," என்றார்.

ஆகஸ்ட் 28, செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு விழா தொடங்கியது. கோட்டாட்சியர் மெஹருன்னிசா தலைமை. மதகு திறக்கும் நேரத்துக்குச் சரியாக வாசிக்க பேண்டு செட் வந்திருந்தது. மட்டி வடிவத்தில் ஒரு கேக் இருந்தது. ராசாமணியை யாரும் கூப்பிடவில்லை. இருந்தாலும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

கோட்டாட்சியர் பேசினார். மட்டிகளின் நேர்மையைப் பாராட்டினார். மேட்டுவலசின் புகார்கள் இருநூற்றுப் பன்னிரண்டிலிருந்து நான்காகக் குறைந்ததை எடுத்துச் சொன்னார். கைதட்டினார்கள். ஆறு நாற்பதுக்குப் பேண்டு செட் தொடங்கியது. மதகு அசையவில்லை. இரண்டு பாட்டு முடிந்து மூன்றாவது தொடங்கும்போதுதான் ட்ரம் அடிப்பவர் மதகைத் திரும்பிப் பார்த்தார். சத்தம் ஒவ்வொரு கருவியாக நின்றது.

திரையில் எண் இருந்தது. நூற்றுக்குப் பதினைந்து.

"என்ன இது? மெஷின் ரிப்பேரா?" என்றார் கோட்டாட்சியர்.

"இல்லீங்க மேடம். மட்டிய மாத்தியிருக்கோம். விதிப்படிதான்." கோகிலவாணி படிவத்தை நீட்டினார். கோட்டாட்சியர் இரண்டு கையெழுத்தையும் பார்த்தார். இரண்டாவது கையெழுத்துக்காரர் கேக்கின் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"பழைய மட்டிகளுக்கு என்ன குறை? மூவாயிரம் நாள்!"

"அதுக மேல தப்பில்லீங்க மேடம். பாஸ் ஆனதை மட்டும் வெச்சுக்கிட்டேன். ஃபெயில் ஆனதைத் தூக்கிப் போட்டேன். இப்ப அந்தத் தொட்டியில ஃபெயில் ஆகத் தெரிஞ்ச மட்டி ஒண்ணுகூட இல்லை."

கேட்டதைவிட அதிகமாகப் புரிந்துகொள்ளும் பெண் கோட்டாட்சியர். கையிலிருந்த பேச்சுத் தாளைத் திரும்ப எடுத்து, புகார்கள் பற்றிய வரியில் விரலை வைத்தார்.

"அப்படின்னா இந்த நாலு?"

முன்வரிசையிலிருந்து ராசாமணி கையைத் தூக்கினார். "அந்த நாலும் நான் குடுத்ததுங்க."

கோட்டாட்சியர் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். கேக்கை வெட்டலாமா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் பேண்டு செட்காரர்கள் சாப்பிட்டார்கள்.

ஏரித் தண்ணீரைக் குழாயில் விடும் உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது. லாரித் தண்ணீர் தொடர்ந்தது. மற்ற நாற்பத்தாறு மதகுகளிலும் நீலிவலசு ரகத்தை விலக்கி, அந்தந்த ஊர்க் கிணற்று மட்டிகளைப் பதிவு செய்யச் சுற்றறிக்கை போனது. செப்டம்பர் முடிவதற்குள் அவற்றில் முப்பத்தொன்று மூடின. ஒருநாள் காலை கோகிலவாணியின் வீட்டு வாசலில் யாரோ ஒரு தட்டு மட்டி வறுவலை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவருடைய கணவர் அதில் ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டு, மிளகு கொஞ்சம் தூக்கல் என்றார். பதினெட்டு நாளில் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

துறையிலிருந்து கேடயத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. கோகிலவாணி துடைத்து அனுப்பி வைத்தார். சம்பத்குமார் சுண்ணாம்பு அளவை 2038க்குக் கொண்டுபோய், அதற்கு மேலும் கொஞ்சம் கூட்டினார். இந்த முறை மட்டியைக் கேட்டு அல்ல. தினமும் ஒரு டம்ளரில் பிடித்து மோந்து பார்த்து.

நாற்பத்தொரு நாள் மூடிக் கிடந்த மதகு, அக்டோபர் 8, திங்கட்கிழமை காலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்குத் திறந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. எட்டுக் கருக்கள் சமமாகப் பிரிந்தன. அவற்றின் தாய்கள் தொட்டியிலேயே விடப்பட்டன. வாத்துக்காரர் வெறும் கூடையுடன் திரும்பினார்.

அந்த மாதம் மேட்டுவலசில் பூட்டிக் கிடந்த வீடுகளில் ஆறு திறந்தன. அந்த ஒரு மாதத்தில் மட்டும் அங்கிருந்து வந்த தண்ணீர்ப் புகார்கள் பதினேழு.